ஆறிய ஆட்டம்

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது என்று எனக்கு ஒரு நினைவு. இல்லை, காலையிலிருந்தே மூட்டம் போட்டிருந்தது என்று இன்னொரு நினைவு. இரண்டையும் எனக்குச் சொன்னது ஒரே ஆள்தான், வேறு வேறு நாட்களில். கேட்டதோடு நானும் சும்மா இருந்திருக்க மாட்டேன். அவர் பேச்சை நிறுத்திச் சுவரைப் பார்த்த இடங்களில் எல்லாம் நானாக எதையாவது வைத்து நிரப்பியிருப்பேன். ஆகவே வானத்தைப் பற்றி நான் சொல்வதை நம்ப வேண்டாம். போன் அடித்ததும், அதை அவர் எடுக்காமல் விட்டதும் மட்டும் உறுதி.

அவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவியோடு மாடியில் குடியிருந்தார். கீழே, தெருவைப் பார்த்து ஒரு கண்ணாடிக்கடை. ஜன்னல் கண்ணாடியும் முகம் பார்க்கும் கண்ணாடியும் அளவுக்கு வெட்டிக் கொடுக்கும் கடை. கடைக்குப் பின்னால் இரண்டு அறைகளில் கடைக்காரரும் அவர் மனைவியும். கடைக்காரர் மெக்கானிக்கின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். மெக்கானிக் அவரை ‘மச்சான்’ என்பார், அவர் இவரை ‘மாப்ள’ என்பார். மச்சானின் மனைவியை மெக்கானிக் ‘அக்கா’ என்று கூப்பிட்டார். பெயருக்கு அக்கா இல்லை. காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவரும் அக்கா.

மச்சானுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் மருத்துவமனையில் ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து உள்ளே விடுவார்கள். அதற்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அங்கே விரல் வைத்தால் டப்பாவுக்குள் அடைபட்ட வண்டு மாதிரி இரையும். மெக்கானிக் தினமும் வேலைக்குப் போகும்முன் அதில் இரண்டு விரல் வைத்து, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “மோட்டார் நல்லா ஓடுது மச்சான்” என்பார். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது. ஆகவே கண்ணாடியை அக்கா பிடித்துக்கொள்வாள். மச்சான் வலது கையால் கோடு கிழிப்பார். மூன்று வருடத்தில் ஒரு கண்ணாடிகூட அவள் கையிலிருந்து நழுவியதில்லை.

மச்சானுக்கு இந்த உலகத்தில் இன்னொரு வியாதியும் உண்டு. ஊதாச் சட்டை அணி.

அந்தக் கால்பந்து அணியைப் பற்றி வெளியாட்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறவர்கள். மோசமாக ஆடித் தோற்கிறவர்கள் என்றால் மனிதன் பாசத்தை விட்டுத் தொலைத்துவிடுவான். இவர்கள் பிரமாதமாக ஆடுவார்கள். முன்னால் போவார்கள். தெருவில் பட்டாசுக்குத் தீக்குச்சி உரசுகிற நேரத்தில் தோற்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் அரையிறுதியில் கடைசி நிமிடத்தில் அப்படி ஆனபோது மச்சானின் ரத்த அழுத்தம் எகிறி, மூக்கில் ரத்தம் கொட்டி, சட்டை ஊதாவா சிவப்பா என்று தெரியாமல் போயிற்று. “இனிமேல் ஆட்டம் பார்க்கக் கூடாது” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பார்க்காமல் இருக்க முடியுமா? குடும்பமாக உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதற்கு ‘ஆறிய ஆட்டம்’ என்று மச்சானே பெயர் வைத்தார். சூட்டோடு குடிக்க முடியாத பாலை ஒருத்தர் ஆற்றிக் கொடுக்கிற மாதிரி. ஆட்டம் நடக்கும்போது வீட்டு டிவி அணைந்தே இருக்கும், ஆனால் செட்டாப் பெட்டி தானாகப் பதிவு செய்யும். ஜன்னல் சாத்தப்படும். மச்சான் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். மெக்கானிக் மட்டும் வேறிடத்தில் போய் நேரலையில் பார்ப்பார். ஜெயித்தால் ஓடிவந்து கதவைக் காலால் உதைப்பார். உடனே எல்லோரும் உட்கார்ந்து, முடிவு தெரிந்த ஆட்டத்தை முதலிலிருந்து ஆனந்தமாகப் பார்ப்பார்கள். தோற்றால் அவர் வரவே மாட்டார். அக்கா பதிவை அழித்துவிடுவாள். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். மச்சானுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தோற்றது தெரிவது வேறு, தோற்பதைப் பார்ப்பது வேறு.

ஆக, அந்த இரண்டு வருடத்துத் தோல்விகளையும் மெக்கானிக் ஒருவரே விழுங்கினார். விழுங்கிவிட்டு வீட்டுக்கு வர முகம் இல்லாமல், ஏதாவது ஒரு கட்டடத்து மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் அறைக்குள் போய், தேவையே இல்லாமல் பிரேக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவார். ஊதாச் சட்டைக்காரர்கள் அதிகம் தோற்ற வருடத்தில், அவர் பொறுப்பில் இருந்த லிஃப்ட்டுகள் எல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடின.

போனுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. இறந்தவர் ஒருவரின் சிறுநீரகம் கிடைத்தால் கூப்பிடுவதற்காக மச்சானின் பெயர் மருத்துவமனையில் வரிசையில் இருந்தது. அங்கே இதைக் கவனிக்கிற அம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: “போன் எப்பவும் கையில இருக்கணும். நீங்க எடுக்கலேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்.” ஆனால் ஆட்டத்து அன்று மச்சானின் போனை உயிரோடு வைக்க முடியாது. ஊரில் உள்ள வேலையற்றவன் எல்லாம் முடிவைச் செய்தியாக அனுப்பிவிடுவான். ஆகவே அன்று மட்டும் மச்சானின் போன் அணைக்கப்பட்டு, அதற்கு வரும் அழைப்புகள் மெக்கானிக்கின் போனுக்குத் திருப்பி விடப்படும். மச்சானுக்கு வருவதையெல்லாம் தாங்கிக்கொள்கிற ஆள் அன்று இவர்தான்: ஆட்டமும், அழைப்பும்.

இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நடந்தது.

மெக்கானிக் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் மோட்டார் அறையில் உட்கார்ந்திருந்தார். கையடக்க டிவி ஒன்று, கவிழ்த்த எண்ணெய் டின், பக்கத்தில் போன். முதல் பாதியிலேயே ஊதாச் சட்டை ஒரு கோல் போட்டது. இவர் எழுந்து மோட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டாம் பாதியில் எதிரணி மலை மாதிரி வந்து விழுந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. முன்பின் தெரியாத எண்.

கை போனுக்குப் போயிற்று. நின்றது.

ஒருமுறை இப்படித்தான், அணி முன்னால் இருந்தபோது ஆபீஸிலிருந்து வந்த போனை எடுத்து “ஹலோ” என்றார். அந்த ‘லோ’ முடியும்முன் எதிரணி கோல் போட்டுவிட்டது. அன்றிலிருந்து நம்ம பசங்க முன்னால் இருக்கும்போது அவர் போனை எடுத்ததில்லை. பைத்தியக்காரத்தனம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் போய்விடுகிறதா?

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எங்கோ யாரோ லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டிருப்பார்கள், அதற்கு இன்றைக்கு வேறு ஆள் இருக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடிமனதில் ஓர் எறும்பு ஊர்ந்தது. மூன்று வருடமாக வராத அழைப்பு இந்த நிமிடத்திலா வரும்? எண்ணெய்த் துணியை எடுத்துப் போன்மேல் போட்டார். துணிக்குள்ளிருந்து மூன்றாம் முறை அடித்தது. துணியை விலக்கி, போனையே அணைத்துவிட்டார்.

கடைசி நிமிடத்தில் எதிரணி சமன் செய்தது. கூடுதல் நேரத்தில், பந்தைத் தலையால் வெளியே தட்டப் பாய்ந்த நம் கேப்டன் அதை நம் வலைக்குள்ளேயே தட்டினான். தட்டிவிட்டு, பந்தைப் பார்க்காமல் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், அது யாருடையது என்பதுபோல.

அறையில் சத்தம் இல்லை. கீழே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். மோட்டார் முனகிச் சுற்றி, பிரேக் ‘டக்’கென்று விழுந்து நின்றது. மெக்கானிக் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வேறு செய்ய ஒன்றும் இல்லாததால், போனை உயிர்ப்பித்தார். ஒரே எண், விட்டுப்போன அழைப்புகள். அதன் முதல் சில இலக்கங்களை அவருடைய கண்ணுக்குத் தெரியும். டயாலிசிஸ் நாள் மாற்றும்போதெல்லாம் பார்த்த இலக்கங்கள்.

அவர் திரும்பக் கூப்பிட்டார். லைனில் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி. மறுபடி. கையெல்லாம் வேர்த்து, திரையில் விரல் வழுக்கியது. கடைசியில் அந்த அம்மாளின் குரல் கேட்டது.

“எத்தன தடவ சார் கூப்பிடுறது? செத்தவங்க வீட்டுல கையெழுத்துப் போட்டு எவ்வளவு நேரமாச்சு தெரியுமா?”

“மேடம்… இன்னும் இருக்கா?”

“அடுத்த ஆளையும் வரச் சொல்லியாச்சு. அவர் எடுத்துட்டார். நீங்களும் உடனே கூட்டிட்டு வாங்க. சோறு தண்ணி ஒண்ணும் கூடாது. முக்கியமா அவர டென்ஷன் ஆக்காதீங்க. பிரஷர் ஏறியிருந்தா மேஜையிலயே ஏத்த மாட்டாங்க.”

அவர் எட்டு மாடியையும் படியிலேயே இறங்கினார். தான் பராமரிக்கும் லிஃப்ட்டில் ஏற அன்று அவருக்குத் தைரியம் வரவில்லை.

தெரு இழவு வீடு மாதிரி இருந்தது. ஊதாச் சட்டை போட்டவர்கள் எதற்கோ தண்டனை பெற்றவர்கள்போல ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். பூட்டிய கடை ஒன்றின் படியில் பெரிய மனிதர் ஒருவர் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் அவர்களுக்கு நடுவே ஓடினார். கண்ணாடிக்கடைக்குப் பின்னால் போய், அந்தக் கதவுக்கு முன்னால் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. இந்தக் கதவை அவர் தொட்டால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது.

தட்டினார். கையால்.

கதவைத் திறந்தது அக்கா. முகம் முழுக்கச் சிரிப்பு. “ஜெயிச்சிட்டோமா தம்பி! ஐயோ, கப்பு நமக்கா!”

அவளுக்குப் பின்னால், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து மச்சான் இவரைப் பார்த்தார். மெக்கானிக்கின் காதில் ‘டென்ஷன் ஆக்காதீங்க’ என்ற குரல் ஒலித்துக்கொண்டே இருந்தது.

“ஜெயிச்சிட்டோம் மச்சான்,” என்றார். “கூடவே இன்னொரு நல்ல செய்தி. ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்பிட்டாங்க. கிளம்புங்க.”

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மச்சான் மெதுவாக இறங்கி, செருப்பைத் தேடினார்.

மெக்கானிக்கின் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமை வேன் வாசலில்தான் நிற்கும். குழந்தைகளுக்கான இருக்கைகள்; முழங்கால் முகவாயில் இடிக்கும். மாடியிலிருந்து இறங்கி வந்தவளின் கண் கலங்கிச் சிவந்திருந்தது. அவளும் ஊதாதான்; முடிவைப் போனில் பார்த்திருந்தாள். மெக்கானிக் அவள் காதில் இரண்டு வார்த்தை சொன்னார். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, “சரி, ஏறுங்க எல்லாரும்” என்றாள்.

வேன் திருப்பத்தில் நின்றது. வெளியே இளைஞர் கூட்டம் ஒன்று தலையைத் தொங்கப்போட்டுச் சாலையைக் கடந்தது. ஒருவன் தேம்பிக்கொண்டே போனான்.

“என்னம்மா,” என்றார் மச்சான், “ஜெயிச்ச ஊரு மாதிரியே இல்லையே?”

“கத்திக் கத்தித் தொண்டை போச்சுண்ணே எல்லாருக்கும். ஏங்க, அந்தத் திரைய இழுத்து விடுங்க. அண்ணனுக்கு வெயில் அடிக்குது.”

வெயில் அடித்ததோ இல்லையோ, மெக்கானிக் திரையை இழுத்தார்.

“அந்த ரேடியோவ போடேன்.”

“ரிப்பேர்.”

“நேத்துப் பாடிச்சே?”

“நேத்துப் பாடிச்சு, இன்னைக்கு வாய மூடிக்கிச்சு. அண்ணிக்கும் எனக்கும் வாய்க்காத பாக்கியம், ரேடியோவுக்காவது வாய்க்கட்டும்.”

மச்சான் சிரித்தார். இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “மாப்ள, எத்தனைக்கு எத்தனை?”

“ரெண்டுக்கு… ஒண்ணு.”

“ரெண்டாவது யாரு போட்டா?”

மெக்கானிக் வாழ்நாளில் கதை சொன்னவர் இல்லை. “நம்ம கேப்டன்தான்.”

“அவனா? அவன் பின்னாடி நிக்கிறவனாச்சே. எப்படிப் போட்டான்?”

“இடது ஓரத்துலேர்ந்து அந்தக் குள்ளப் பையன் தூக்கி அடிச்சான் மச்சான். பந்து வளைஞ்சு வருது. ரெண்டு பேரு எகிறுறான், யாருக்கும் எட்டல. பின்னாடியிருந்து கேப்டன் ஓடி வந்து…”

“காலா, தலையா?”

“தலை,” என்றார் மெக்கானிக். சொல்லும்போது அந்த நெற்றியும், அதைத் தொட்டுப் பார்த்த கையும் கண்முன் வந்து நின்றன. “நெத்தியில சரியா வாங்கி… கோலி வலது பக்கம் சாயறான், பந்து இடது பக்கம் போகுது. வலை அப்படியே உப்பிச்சு.”

“ம்,” என்றார் மச்சான் கண்ணைத் திறக்காமலே. “மெதுவாச் சொல்லு. அவசரம் இல்ல.”

அக்கா கணவனின் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த இரைச்சலின்மேல் விரலை வைத்தபடி ஜன்னல் திரையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மருத்துவமனைக் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கேப்டன் புல்தரையில் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தான். மெக்கானிக் திடுக்கிட்டு அதற்கு முன்னால் போய் நின்று, கையை இரண்டு பக்கமும் விரித்து, சோம்பல் முறிப்பதுபோல் பாவனை செய்தார். அவர் மனைவி நேரே காவலாளியிடம் போய் ரிமோட்டைப் பிடுங்கி, பொம்மைப் படத்துக்கு மாற்றினாள்.

“யாரும்மா நீ? எல்லாரும் பாத்துட்டிருக்காங்கல்ல?”

“குழந்தைங்க இருக்கிற இடத்துல இந்த அழுகாச்சியெல்லாம் போடலாமா?”

“குழந்தை எங்கம்மா இருக்கு இங்க?”

“வரும்,” என்றாள் அவள். ரிமோட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மச்சானை உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள். மெக்கானிக் கூடவே போனார். ரத்தம் எடுத்தார்கள், அழுத்தம் பார்த்தார்கள். அழுத்தம் சரியாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில், மருத்துவமனை அங்கி மாட்டிக்கொண்டு, முப்பது வயதுக்காரர் ஒருவர் காலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தார். கழற்றிவைத்த ஊதாச் சட்டை தலையணைமேல் மடித்து இருந்தது. பேருந்து நடத்துனராம். வரிசையில் அடுத்த ஆள் அவர்தான் என்று யாரும் சொல்லாமலே புரிந்தது.

“அண்ணே, நீங்களும் நம்மாளா?” என்றார் நடத்துனர், மச்சானின் அங்கிக்குள் தெரிந்த ஊதாவைப் பார்த்து. “ஆட்டம் என்னாச்சுண்ணே? நான் பாதியில ஓடி வந்துட்டேன். ஒண்ணுக்கு ஜீரோ இருக்கும்போது போன் வந்துச்சு. முதல் மணியிலயே எடுத்துட்டேன். போனும் அம்மாகிட்ட இருக்கு, அம்மாவ வெளியில நிறுத்திட்டாங்க. இங்க ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கிறாங்க.”

‘முதல் மணியிலயே’ என்றது மெக்கானிக்கின் விலாவில் இறங்கியது.

மச்சான் மெக்கானிக்கைப் பார்த்தார். இருவரும் அவரையே பார்த்தார்கள், ஒரே மாதிரி இரையும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு.

“ரெண்டுக்கு ஒண்ணு,” என்றார் மெக்கானிக். “நாம.”

நடத்துனர் கட்டிலிலிருந்து துள்ளி இறங்கிவிட்டார். மச்சானின் நல்ல கையைப் பிடித்துக் குலுக்கினார். “எங்கப்பா இருந்து பாக்கலையேண்ணே! யாரு போட்டா? எப்படிப் போட்டாங்க?”

“மாப்ள சொல்வாரு,” என்றார் மச்சான். “நல்லாச் சொல்வாரு.”

மெக்கானிக் மறுபடி சொன்னார். இந்த முறை பந்து இன்னும் கொஞ்சம் அதிகமாக வளைந்தது. சொல்லி முடித்ததும் வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

பொருத்தம் பார்க்கும் சோதனைக்கு மணிக்கணக்கில் ஆகும் என்றார்கள். கூடத்தில் பொம்மைப் படத்தில் ஒரு பூனை ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. நடத்துனரின் அம்மா ஓரத்து நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்கா தன் பாட்டிலிலிருந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அந்த அம்மாள் குடித்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக் ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தபோது மச்சான் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“மாப்ள, எங்கயோ ஒரு வீட்டுல இன்னைக்குக் காலைல இருந்த ஆளு இல்ல. அவங்களும் ஆட்டம் பாக்க டிவி போட்டிருப்பாங்களோ என்னவோ.” கொஞ்ச நேரம் கழித்து, “அணைக்க மறந்திருப்பாங்க,” என்றார்.

அந்தி சாயும் நேரத்தில் டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண். நேரே மச்சானின் கட்டிலுக்குப் போனார், அதிலேயே மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. நல்ல செய்தியை யாரும் அவ்வளவு கிட்டே வந்து சொல்வதில்லை. நடத்துனரின் ரத்தம் நன்றாகப் பொருந்துகிறது என்றார். உங்களுக்கு அந்த அளவு சேரவில்லை, மன்னிக்கணும் என்றார். வரிசையில் உங்கள் இடம் அப்படியே இருக்கும் என்றார்.

மச்சான் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் அங்கியின் நாடாவை அவிழ்க்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். நடத்துனர் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, முதல்ல உங்களத்தானே கூப்பிட்டாங்க…”

“அதெல்லாம் ரெஃப்ரி விசில் ஊதியாச்சு தம்பி. போ. இறங்கி ஆடு.”

வெளியே மெக்கானிக், போனில் கூப்பிட்ட அந்த மருத்துவமனை அம்மாளைத் தேடிப் பிடித்தார். “மேடம், முதல் தடவையே நான் போனை எடுத்திருந்தா?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார். ரத்தம் சேரல,” என்றார் அவர், கையிலிருந்த பேனாவின் மூடியைப் பார்த்துக்கொண்டே. உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அவர் ஏன் பேனாவைப் பார்த்தார் என்பதை மெக்கானிக் பிறகு எத்தனையோ மோட்டார் அறைகளில் உட்கார்ந்து யோசித்தார்.

திரும்பும்போது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மெக்கானிக் குழந்தை இருக்கையில் குறுகி உட்கார்ந்து, முன்னால் ஒட்டியிருந்த யானைப் படத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“மச்சான், போன் வந்துச்சு. நான்தான் எடுக்கல. மூணு தடவை. அணைச்சு வேற வெச்சேன்.”

வேன் நின்றுவிட்டது. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போனது. மெக்கானிக்கின் மனைவி திரும்பவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

மச்சான் இடது கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அப்ப எத்தனைக்கு எத்தனை?”

“ஒண்ணுக்கு ஜீரோ. நாம.”

மச்சான் திரையை விலக்கி வெளியே பார்த்தார். “அப்படின்னா நானும் எடுத்திருக்க மாட்டேன்,” என்றார்.

“ரெண்டு பேரையும் இங்கயே இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்,” என்றாள் மெக்கானிக்கின் மனைவி. “மனுசங்களாய்யா நீங்க?”

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கணவனின் கையை மடியிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தாள். தன் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். மூன்று வருடம் கண்ணாடி பிடித்த கைகள். மெக்கானிக் அந்த வேனில் எதற்கும் பயப்படவில்லை, அந்த மௌனத்துக்குப் பயந்தார்.

மறுநாள் டயாலிசிஸ் முடிந்து வந்ததும் மச்சான் மாடிக்கு ஆள் அனுப்பாமல் தானே கூப்பிட்டார். “மாப்ள, இறங்கி வா. ஆட்டம் போடப் போறேன்.”

மெக்கானிக் பாதி திறந்த கதவருகே நின்றார். “வேணாம் மச்சான். அது… நான் உங்ககிட்ட…”

“தோத்துட்டோம். தெரியும்.”

“எப்படி?”

“நீ கதவைத் தட்டுனே. ஜெயிச்சிருந்தா உதைச்சிருப்பே. இந்தக் கதவுக்கு அடிப்பலகை ரெண்டு தடவ மாத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா?” மச்சான் ரிமோட்டைத் துடைத்தார். “அப்புறம், உன் மூஞ்சி. அத விடு.”

“தெரிஞ்சும் ஏன் கேட்டீங்க? யாரு போட்டா, எப்படிப் போட்டான்னு?”

பக்கத்து அறையில் அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

“நல்லா இருந்துச்சு,” என்றார். “உக்காரு.”

ஆறிய ஆட்டத்தில் அவர்கள் பார்த்த முதல் தோல்வி அதுதான். மச்சான் கையில் அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கோலுக்கு இருவரும் கைதட்டினார்கள். இரண்டாம் பாதி நடந்துகொண்டிருந்தபோது மெக்கானிக் நெளிந்தார். எந்த இடத்தில் போன் அடித்தது என்று அவருக்குத் தெரியும். மச்சான் திரும்பாமலே, “இப்பவா?” என்றார். “இப்பத்தான்,” என்றார் இவர். சமன் ஆயிற்று. கடைசியில் கேப்டன் பாய்ந்தான்; பந்து உள்ளே போயிற்று; அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

மச்சான் டிவியை அணைத்தார். பட்டையைக் கழற்றினார். அணைந்த திரையில் இருவர் முகமும் தெரிந்தது.

“பாவம்டா அவன்,” என்றார். பிறகு, “நீ சொன்ன கோல் இருக்கே. அத இன்னொரு தடவ சொல்லு.”

மெக்கானிக் சொன்னார். பக்கத்து அறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அவர் சொல்லி முடிக்கும்வரை அது திரும்பக் கேட்கவில்லை.

நடத்துனருக்கு அந்தச் சிறுநீரகம் ஒட்டிக்கொண்டது. அவர் பழைய வழித்தடத்திலேயே ஓடுகிறார். அந்த ஆட்டத்தின் முடிவைக் கண் விழித்த மறுநாளே ஒரு நர்ஸ் அவரிடம் சொல்லிவிட்டார், அதற்காக நடத்துனர் மெக்கானிக்கை இன்றுவரை கிண்டல் செய்கிறார். மச்சான் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார். அழைப்பு ஒரு சாதாரண நாளில், முகக்கண்ணாடி ஒன்றைப் பாதி வெட்டியிருக்கும்போது வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வீட்டுப் போன்கள் எல்லாம் அக்காவிடம்தான் இருந்தன. கண்ணாடியை ஒரு கையால் பிடித்தபடி அவள்தான் எடுத்தாள். புதுச் சிறுநீரகம் ஐந்து வருடம் ஓடி நின்றது. இப்போது மறுபடியும் வாரத்துக்கு மூன்று நாள். அக்கா மெக்கானிக்கிடம், மச்சானுக்குப் புதுச் சிறுநீரகம் வைத்த நாளன்றுதான் மறுபடி பேசினாள், “தம்பி, சாப்பிட்டியா?” என்று கேட்டாள். மெக்கானிக்கின் மனைவி இன்னும் வேன் ஓட்டுகிறாள். ரிமோட்டை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. கேப்டன் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்கோ சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதாகக் கேள்வி. ஊதாச் சட்டை இன்னும் கோப்பை வாங்கவில்லை. மெக்கானிக் லிஃப்ட் பார்க்கிறார். ஆட்டத்தின் நடுவே போன் அடித்தால் எடுத்துவிடுகிறார்.